எவ்வளவு கொடுக்குது சார்?

குட்டி கார், பெரிய வேகம், தினசரி ஆபீஸ் பயணம்... சீறும் ஹேட்ச்பேக்குகளின் நிஜ மைலேஜ் கணக்கு

ஹூண்டாய் ஐ20 என் லைன் பிறப்பது ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில். அங்கிருந்து அதை ஓட்டிக்கொண்டு பெங்களூரு நெடுஞ்சாலை வழியாகச் சென்னைக்குள் வந்தால், பூந்தமல்லி வரை ஒரு கார், அதற்குப் பிறகு வேறு கார். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 18 என்று காட்டிய அதே டிஸ்ப்ளே, போரூர் தாண்டுவதற்குள் 12, 11 என்று இறங்கிக்கொண்டே வரும். நிறுவனம் சொல்லும் கணக்கோ 20. டி.சி.டி. (இரட்டை கிளட்ச்) ஆட்டோமேட்டிக் என்றால் 20.25. அந்தக் கடைசி கால் கிலோமீட்டரைக்கூட விடாமல் அச்சடித்திருக்கிறார்கள்.

அபார்ட்மென்ட் வாட்ச்மேன் தொடங்கி கல்யாண வீட்டில் பார்க்கும் மாமா வரை, காரைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “எவ்வளவு கொடுக்குது?” எத்தனை குதிரைத்திறன், வளைவில் எப்படி நிற்கிறது என்றெல்லாம் கேட்பவர் அபூர்வம். வேகமான ஹேட்ச்பேக் வைத்திருப்பவர் இந்தக் கேள்விக்கு ஒரு நொடி திணறுவார். பதினெட்டு என்று சொல்ல மனசாட்சி இடம் கொடுக்காது. பத்து என்று சொன்னால், “இதுக்குப் பேசாம இன்னோவா எடுத்திருக்கலாமே தம்பி” என்பார்கள்.

அவர் சொல்லும் பதினெட்டும் நிஜம், பத்தும் நிஜம். எட்டு கிலோமீட்டர் வித்தியாசம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. ‘பவர் ஜாஸ்தி, அதான் குடிக்குது’ என்பது ஊர் சொல்லும் பதில். அதில் கால்வாசிதான் உண்மை.

நம் ஊரின் சீறும் சிறுசுகள்

உலக அளவில் இந்த வகைக்குத் தாத்தா, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. 1975-ல் ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் ஷோவில் காட்டினார்கள். 1973-ன் எண்ணெய் நெருக்கடி உலகத்தையே உலுக்கிய இரண்டே ஆண்டில்! 1.6 லிட்டர் இன்ஜின், 110 பி.எஸ். (குதிரைத்திறன்), அன்றைக்குக் குடும்பக் கார்களில் அரிதான ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். ஐயாயிரம் கார் விற்றால் போதும் என்று தொடங்கினார்கள். முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்தைத் தாண்டியது. பெட்ரோல் விலை எகிறிய காலத்தில் ‘வேகமும் வேண்டும், வீட்டுக்கும் உதவ வேண்டும்’ என்றவர்களுக்காக வந்த கார் அது. சிக்கனமும் வேகமும் ஒரே தொட்டிலில் வளர்ந்தவைதான்.

இந்தியாவுக்கு வரும்போது வரிச் சட்டம் குறுக்கே நின்றது. நாலு மீட்டருக்குள் நீளம், 1.2 லிட்டருக்குள் பெட்ரோல் இன்ஜின் என்றால் வரி குறைவு. இந்த இரண்டு கோட்டுக்குள் வேகத்தை அடைக்க டர்போவை விட்டால் வழியில்லை. 2013-ல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 1.2 லிட்டரில் 105 பி.எஸ். கொடுத்தது, அறிவித்த மைலேஜ் 17.2. 2017-ன் மாருதி பலேனோ ஆர்.எஸ். ஒரு லிட்டர் பூஸ்டர்ஜெட் இன்ஜினோடு வந்து 21.1 என்றது. 2018-ல் கோயம்புத்தூர்க்காரர்கள் களத்தில் இறங்கினார்கள். ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கூட்டு சேர்ந்து செய்த டியாகோ ஜே.டி.பி.யில் 114 பி.எஸ். டாக்ஸியாக ஓடிக்கொண்டிருந்த காருக்குள் அப்படியொரு இன்ஜினா என்று மூக்கில் விரல் வைத்தவர்கள் உண்டு. பலேனோ ஆர்.எஸ்., ஜே.டி.பி. இரண்டுமே பி.எஸ்.6 மாசு விதிகள் அமலான 2020-ஐத் தாண்டவில்லை. போலோவும் 2022-ல் விடைபெற்றது. அதற்குள் 2021-ல் ஐ20 என் லைன் (120 பி.எஸ்.) வந்துவிட்டது, 2024-ல் டாடா அல்ட்ராஸ் ரேசர் (அதுவும் 120 பி.எஸ்.) சேர்ந்துகொண்டது.

வரிக் கோட்டை மதிக்காமல் வந்தவை இரண்டைச் சொல்ல வேண்டும். 2015-ல் ஃபியட்டின் அபார்த் புன்ட்டோ: 1.4 லிட்டர், 145 பி.எஸ். சிட்டியில் ஒற்றை இலக்க மைலேஜ்தான் என்று அதை வைத்திருப்பவர்கள் பெருமையாகவே சொல்வார்கள். 2025-ல் இறக்குமதியாகி வந்த கோல்ஃப் ஜி.டி.ஐ.யின் விலை 53 லட்சம் ரூபாய் அளவில். அதை வாங்குபவரிடம் யாரும் மைலேஜ் கேட்பதில்லை. கேட்டாலும் அவர் கவலைப்படப் போவதில்லை. எனவே இந்தக் கட்டுரை, பத்துப் பன்னிரண்டு லட்சத்துக்கு டர்போ ஹேட்ச்பேக் வாங்கி, இ.எம்.ஐ. கட்டிக்கொண்டு, அதிலேயே தினமும் ஆபீஸ் போய்வருபவர்களுக்கு.

இருபது எங்கிருந்து வருகிறது?

ஷோரூமில் சொல்லும் எண்ணைப் பொய் என்று திட்டுவது வழக்கம். அது பொய் இல்லை. வேறொரு கேள்விக்கான சரியான விடை.

காரை உருளைகள் மேல் ஏற்றி, ஒரு குறிப்பிட்ட வேக அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். ‘மாற்றியமைத்த இந்திய ஓட்டச் சுழற்சி’ என்று அதற்குப் பெயர். ஐரோப்பாவின் பழைய சோதனையை எடுத்து, உச்ச வேகத்தை 90-க்குக் குறைத்துக்கொண்டது. மொத்தம் இருபது நிமிடம், பத்தரை கிலோமீட்டர் தூரம். ஏ.சி. கிடையாது. எதிர்க்காற்று கிடையாது, காற்றுத் தடையைக் கணக்குப் போட்டு உருளையில் ஏற்றிவிடுவார்கள். குறுக்கே ஷேர் ஆட்டோ கிடையாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விவரம் உண்டு. அட்டவணையின் நகரப் பகுதியில், நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 வினாடி எடுத்துக்கொள்கிறார்கள். ஐ20 என் லைன் டி.சி.டி., நூறு கிலோமீட்டர் வேகத்தையே 9.9 வினாடியில் தொடும் என்று ஹூண்டாய் சொல்கிறது. அதாவது, சோதனைக் கூடத்தில் ஐம்பதைத் தொடும் நேரத்துக்குள், சாலையில் இரண்டு முறை நூறைத் தொட்டுவிட்டு வந்து நிற்கலாம். 26 வினாடியில் ஐம்பது என்பது, பின்னால் வரும் எம்.டி.சி. பஸ் ஹாரன் அடித்தே கொன்றுவிடும் வேகம். அந்த நிதானத்தில் டர்போவுக்கு வேலையே இல்லை. சின்ன இன்ஜின் சின்ன இன்ஜினாகவே ஓடி, இருபதைக் கொடுத்துவிடுகிறது.

ஐரோப்பியர்கள் இந்தப் பழைய சோதனையை 2017-லிருந்து கைவிட்டு, அரை மணி நேரம், 23 கிலோமீட்டர், 131 வரை வேகம் என்று கடுமையான ஒன்றுக்கு மாறினார்கள். அப்படியும் நிஜத்தில் ஓடும் பெட்ரோல் கார்கள் அறிவித்ததைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகக் குடிக்கின்றன என்று, கார்களுக்குள்ளேயே பொருத்திய மீட்டர்களின் கணக்கை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-ல் ஒத்துக்கொண்டது. நம் சோதனை அதைவிட சாது. நமக்கு வித்தியாசம் கூடுதலாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு பிரேக்கின் விலை

இனி வித்தியாசம் போகும் இடத்துக்கு வருவோம். கொஞ்சம் கணக்கு, பள்ளிக்கூட இயற்பியலுக்கு மேல் போகாது.

காரும் ஓட்டுபவரும் சேர்ந்து 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதை 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவரத் தேவையான ஆற்றல், பெட்ரோல் கணக்கில் ஒன்பது பத்து மில்லி. (எரியும் பெட்ரோலில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வேலையாகப் போய்ச் சேரும் என்ற கணக்கில்.) 60 என்றால் இருபது மில்லி. 80 என்றால் முப்பத்தேழு. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. பிரேக்கை மிதித்து நிறுத்தும்போது அத்தனையும் பிரேக் டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது.

லிட்டர் நூறு ரூபாய் என்று சுலபமாக வைத்துக்கொண்டால், 40-லிருந்து ஒரு முறை நிற்க ஒரு ரூபாய். 60-லிருந்து நிற்க இரண்டு ரூபாய். 80-லிருந்து நிற்க கிட்டத்தட்ட நான்கு ரூபாய்.

மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை, ஓ.எம்.ஆரில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலை ஒன்பது மணிக்கு சிக்னல், மெட்ரோ வேலைத் தடுப்பு, யு-டர்ன், திடீர் பாதசாரி என்று நாற்பது முறை நின்று கிளம்புவது சர்வ சாதாரணம். சாதாரண கார் இரண்டு சிக்னல்களுக்கு நடுவே 40-ஐத் தொட்டு நிற்கும்: நாற்பது ரூபாய். டர்போ கார்க்காரர் அதே இடைவெளியில் 60-ஐத் தொட்டு, அதே சிக்னலில், அதே வண்டிக்குப் பின்னால் வந்து நிற்பார்: எண்பது ரூபாய். ஆபீஸுக்கு அவர் முன்னாடி போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

இத்தோடு, நின்ற இடத்திலேயே எரிவது வேறு. ஒரு லிட்டர் டர்போ இன்ஜின் ஏ.சி.யோடு ஐடிலில் நிற்க, மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை கேட்கும். அந்தப் பயணத்தில் மொத்தமாக இருபத்தைந்து நிமிடம் நின்றால், இன்னொரு முப்பத்தைந்து ரூபாய். டயர் உருளுவதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் ஆகும் செலவைச் சேர்த்துக் கூட்டினால் பதினொன்று, பன்னிரண்டு என்ற அந்த எண் வந்துவிடும். அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

சோழிங்கநல்லூர் சிக்னலில் நண்பரின் டி.சி.டி. காரில் உட்கார்ந்து இதை வேடிக்கை பார்த்தது உண்டு. ஆக்ஸிலரேட்டர் மேல் அவர் கால் இல்லை. பிரேக்கை லேசாக விட, கார் ஒரு முழம் ஊர்ந்து நிற்கும். மறுபடி ஒரு முழம். சராசரி மைலேஜ் எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது. “பாத்தீங்களா சார், மிதிக்கவே இல்ல. இது எந்த ஊர் நியாயம்?” என்றார். இந்த வகை டி.சி.டி. கியர்பாக்ஸில் உள்ளே இருப்பது உலர் கிளட்ச். ஊர்ந்து போகும்போது அது பாதி பிடித்து, பாதி வழுக்கிக்கொண்டு, பெட்ரோலைச் சூடாக்கி விரயம் செய்யும். கிளட்ச் தேய்மானம் தனிக் கணக்கு. முன்னால் ஒரு கார் நீளம் இடம் விழும்வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரே இழுப்பாக நகர்ந்தால் இரண்டுமே மிச்சம். இடம் விட்டால் பைக்குகள் நுழைந்துவிடும் என்பார்கள். நுழையட்டும், அவர்களும் ஆபீஸ் போக வேண்டாமா?

120 குதிரையில் பத்து போதும்

நெடுஞ்சாலையில் கதை தலைகீழ். இப்படி ஒரு கார் சமதரையில் சீராக 80-ல் போகத் தேவைப்படுவது, டயர் உருளும் தடையையும் காற்றுத் தடையையும் சேர்த்து, தோராயமாகப் பத்து குதிரைத்திறன். மீதி நூற்றுப்பத்து சும்மா இருக்கிறது. அதனால்தான் வண்டலூர் தாண்டி, டாப் கியரில் இன்ஜின் இரண்டாயிரம் ஆர்.பி.எம்.மில் முணுமுணுக்கும்போது, சீறும் ஹேட்ச்பேக்கும் சாதாரண ஹேட்ச்பேக்கும் ஏறக்குறைய ஒரே மைலேஜைக் காட்டுகின்றன. சின்ன டர்போ இன்ஜினின் சாமர்த்தியமே இங்கேதான். பெரிய இன்ஜினிடம் இந்தப் பத்து குதிரையைக் கேட்பது, கல்யாணச் சமையல் அடுப்பைப் பற்றவைத்து ஒரு டம்ளர் காபி போடுவது போல. சூட்டில் பாதி வெளியேதான் போகும். ஒரு லிட்டர் இன்ஜினுக்கு அந்த வேலை அளவாகப் பொருந்துகிறது.

100-ல் தேவை பதினாறு பதினேழு குதிரை. 120-ல் இருபத்தாறு. தூரத்துக்கான செலவாகப் பார்த்தால், 80-ல் ஆகும் வேலையைவிட 120-ல் முக்கால் பங்கு கூடுதல். காற்று, வேகத்தின் வர்க்கத்தில் எதிர்த்து நிற்கிறது. சென்னையிலிருந்து திருச்சிக்கு 330 கிலோமீட்டரை 90-ல் போய் வந்தவர் 20 என்கிறார். 120-ல் பறந்தவர் 14 என்கிறார். இருவருமே சத்தியம் செய்வார்கள். இருவர் சத்தியமும் செல்லும்.

அதற்கு மேலே போனால் டர்போ தன் சுயரூபத்தைக் காட்டும். மிதியை அடிவரை அழுத்தினால், சிலிண்டருக்குள் வெப்பம் எகிறாமல் இருக்க, எரிவதற்குத் தேவையானதைவிடக் கூடுதலாகவே பெட்ரோலைப் பீய்ச்சும். அந்த உபரி, டர்போவையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் குளிரவைக்கப் போகிறது. 120 பி.எஸ். முழுவதையும் தொடர்ந்து கறந்தால் வினாடிக்குச் சுமார் பத்து மில்லி, அதாவது வினாடிக்கு ஒரு ரூபாய். ஐ20-யின் 37 லிட்டர் டேங்க் ஒரு மணி நேரத்தில் காலி. மைலேஜ் ஐந்தைச் சுற்றி வரும். ஒரே கார், ஒரே இன்ஜின்: நிதானத்தில் இருபதுக்கு மேல், முழு மிதியில் ஐந்து. சாதாரண காரில் இந்த இடைவெளி இவ்வளவு அகலம் கிடையாது. கூடுதல் குதிரைகள் தரும் நிஜமான ஆபத்து இதுதான். அவை இருப்பதால் செலவில்லை, அவிழ்த்து விட்டால்தான் செலவு.

ஆனால் அந்த சந்தோஷம் ஒன்றும் விலை உயர்ந்ததல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நின்ற நிலையிலிருந்து நூறு வரை ஒரு முறை முழு மிதியில் போக ஏழெட்டு ரூபாய் பெட்ரோல் ஆகும். ஒரு டீயைவிடக் குறைவு. டோல்கேட்டைத் தாண்டி ஒரு முறை அப்படி இழுத்து, பிறகு அந்த வேகத்திலேயே நிதானமாகப் போனால், போட்ட காசு வேகமாகக் கையில் இருக்கிறது. அடுத்த லாரிக்குப் பின்னால் போய் பிரேக் அடித்தால்தான் நஷ்டம். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் மைலேஜிலும் கெட்டிக்காரர்களாக இருப்பது இதனால்தான். தூரத்தில் சிக்னல் சிவப்பாவதைப் பார்த்ததுமே காலை எடுத்துவிடுவார்கள்.

காலை எடுப்பது என்றால் நியூட்ரல் போடுவது அல்ல. கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தில், இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய கார்களில் கியரில் வைத்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால், இன்ஜெக்டர்கள் பெட்ரோலை முழுமையாக நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் இன்ஜின் உயிரோடு இருக்கப் பெட்ரோல் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுவதில், உயரத்துக்கு மட்டுமே இரண்டேகால் லிட்டருக்குக் குறையாமல் கூடுதலாக ஆகும். இறங்கும்போது அதில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்கினால். நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோலும் போகும், பிரேக்கும் போகும்.

பங்க்கில் கலக்கும் விஷயம்

2025 முதல் நம் பங்க்குகளில் வருவது இருபது சதவிகிதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலில் ஆற்றல், பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருபது சதவிகிதத்துக்குக் கணக்கிட்டால் லிட்டருக்கு ஆறேழு சதவிகித ஆற்றல் இழப்பு. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, இ10-க்கு இசைவித்த பழைய நான்கு சக்கர வாகனங்களில் ஆறேழு சதவிகிதமும், இ20-க்கு இசைவித்த புதிய வாகனங்களில் ஒன்றிரண்டு சதவிகிதமும் மைலேஜ் குறையலாம் என்றது. பழைய போலோ, பலேனோ ஆர்.எஸ். வைத்திருப்பவர்கள் ‘முன்ன மாதிரி இல்ல’ என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அது டர்போ இன்ஜினுக்குப் பிடித்த குணம்; அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி இசைவித்த இன்ஜினில் கொஞ்சம் ஈடுகட்ட முடியும். விலையில் மட்டும் அந்த ஏழு சதவிகிதத்தை யாரும் நமக்குக் குறைத்துக் கொடுக்கவில்லை.

இதை ஈடுகட்ட, எக்ஸ்.பி.100 போன்ற விலை உயர்ந்த பெட்ரோலைப் போடலாமா? 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் இதைக் கொண்டுவந்ததிலிருந்து வேகப் பிரியர்கள் மத்தியில் இந்த விவாதம் ஓயவில்லை. ஆக்டேன் என்பது ‘நாக்கிங்’கைத் தாங்கும் திறன், ஆற்றலின் அளவு அல்ல. சித்திரை வெயிலில், முழு பூஸ்ட்டில், நாக்கிங்குக்குப் பயந்து இன்ஜின் பற்றவைப்பைத் தாமதிக்கும்போது நல்ல ஆக்டேன் உதவும். சோழிங்கநல்லூர் சிக்னலில் அது உதவாது. லிட்டருக்குக் கூடுதலாக அழும் காசு, மைலேஜாகத் திரும்பாது என்பது என் தீர்ப்பு.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். டயரில் காற்று: பங்க் பையன் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடிப்பார், கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருப்பதைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். ‘லுக்’குக்காக அகலமான டயரும் பெரிய அலாயும் மாட்டினால் மைலேஜ் குறைவது நிச்சயம். இன்ஜின் மென்பொருளை ரீமேப் செய்தால் மைலேஜ் கூடும் என்பவர்கள் உண்டு. கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை கூடினால் சீரான ஓட்டத்தில் கொஞ்சம் மிச்சமாகலாம்தான். அந்த இழுவையைக் கையில் வைத்துக்கொண்டு சீராக ஓட்டும் மனிதரை நான் பார்த்ததில்லை. சைலன்சரில் ‘டப டப’ என்று வெடிக்கும் மேப்பிங் என்பது, பெட்ரோலைச் சிலிண்டருக்கு வெளியே எரித்துத் தெருவைக் கூட்டுவது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

டிஸ்ப்ளேவை நம்பலாமா?

பாதி நம்பலாம். டிஸ்ப்ளே, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துப் பெட்ரோலைக் கணிக்கிறது. பெரும்பாலான கார்களில் அது ஐந்து முதல் பத்து சதவிகிதம் வரை நல்ல மனதோடு கூட்டிச் சொல்லும். 12 காட்டினால் 11 என்று எடுத்துக்கொள்வது உத்தமம்.

நிஜம் தெரிய டேங்க் டு டேங்க்தான். ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப். நாசில் ‘டக்’ என்று தானாக நின்றதும் நிறுத்திவிடச் சொல்ல வேண்டும். ‘ரவுண்டா போட்டுடவா சார்?’ என்று அதற்கு மேலும் அமுக்கினால் கணக்கும் கெடும், பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவும் கெடும். ட்ரிப் மீட்டரை ஜீரோ செய்து ஓட்டி, பாதிக்கு மேல் தீர்ந்த பிறகு, அதே பம்ப்பில் அதே ‘டக்’ வரை நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு முறை பார்த்து முடிவு கட்டாமல், நாலைந்து டேங்க் சராசரி பாருங்கள்.

அப்படிப் பார்ப்பவர்களிடம் பொதுவாகக் கேட்கக் கிடைப்பது இதுதான். ஒரு லிட்டர், 1.2 லிட்டர் டர்போ ஹேட்ச்பேக்குகள் சென்னை நெரிசலில் 9 முதல் 12. காலி ரோட்டு சிட்டியில் 13, 14. நெடுஞ்சாலையில் 16 முதல் 20. சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் அதே நெரிசலில் 13 முதல் 15.

கிலோமீட்டரை விடுங்கள், ரூபாயைப் பாருங்கள்

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற அளவே நம்மை ஏமாற்றும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-ல் ‘சயின்ஸ்’ இதழில் இதைப் பற்றியே எழுதினார்கள். மைலேஜ் எண்ணில் ஒரே அளவு வித்தியாசம், செலவில் ஒரே அளவு வித்தியாசம் ஆகாது என்பதுதான் விஷயம். 18 கொடுக்கும் காரை விட்டு 21 கொடுக்கும் காருக்கு மாறினால், ஆயிரம் கிலோமீட்டருக்கு மிச்சமாவது எட்டு லிட்டர். 12-லிருந்து 15-க்கு மாறினால் பதினாறரை லிட்டருக்கு மேல். இரண்டிலும் வித்தியாசம் மூன்றுதான். மிச்சமோ இரண்டு மடங்கு. கீழே இருக்கும் எண்கள்தான் பர்ஸைக் கடிக்கும்.

இதை நம் கணக்கில் போடுவோம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர், லிட்டர் நூறு ரூபாய். நெரிசல் வழியில் மட்டுமே ஓட்டுபவர்: டர்போ ஹேட்ச்பேக் 11, சாதாரண ஹேட்ச்பேக் 14. மாதத்துக்குக் கூடுதல் செலவு 1,950 ரூபாய். வருடத்துக்கு 23,000-க்கு மேல். பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடுபவர்: 17-க்கும் 19-க்கும் உள்ள வித்தியாசம். மாதம் 620 ரூபாய்.

நெரிசலில் ஓட்டுபவர், பயன்படுத்தவே முடியாத வேகத்துக்காக மூன்று மடங்கு அபராதம் கட்டுகிறார். தாம்பரத்திலிருந்து மறைமலைநகருக்கோ, கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கோ தினமும் போய்வருபவருக்கு அந்த 620 ரூபாய், ஓவர்டேக் செய்யும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நிம்மதிக்கு மலிவு. அவர் தயங்காமல் வாங்கலாம். அண்ணா நகரிலிருந்து எழும்பூர் போகிறவர் மெட்ரோ கார்டு வாங்கிக்கொண்டு, இந்த காரை சனி ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கும் டியூஷனுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவர் இதன் பக்கமே போக வேண்டாம். இன்ஜின் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும், சூடாகாத இன்ஜினுக்குப் பெட்ரோல் பசி அதிகம்.

சோதனையிலேயே நகரம், நெடுஞ்சாலை என்று இரண்டு பகுதி இருக்கும்போது, விளம்பரத்தில் இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகப் போடுவதை நிறுவனங்கள் நிறுத்த வேண்டும். அது நடக்கும்வரை உங்கள் சோதனையை நீங்களே செய்துகொள்ளுங்கள். டெஸ்ட் டிரைவை ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்காதீர்கள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு, உங்கள் ஆபீஸ் போகும் வழியில், ஏ.சி. போட்டு, ட்ரிப் மீட்டரை ஜீரோ செய்து ஓட்டிப் பாருங்கள். டிஸ்ப்ளேயில் வரும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துவிடுங்கள். அந்த எண்ணுக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்த்துவிட்டு, அதன் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.